பழைய ஹார்ன் ஸ்பீக்கருக்கு ஆம்ப் தேடும்போது வாட்ஸைக் கடைசியில் கேளுங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது 1970களில் செய்த ஒரு ஜோடி கிளிப்ஷ் ஹெரசி ஹார்ன் ஸ்பீக்கர். அமெரிக்காவில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட தூரத்து உறவினர் ஒருவர் கண்டெய்னரில் மற்ற சாமான்களோடு கொண்டுவந்தது. இடத்தை அடைக்கிறது, தூசி சேர்கிறது என்று அவருடைய மருமகள் சொல்லிக்கொண்டே இருக்க, ஒருநாள் எனக்கு ஃபோன் வந்தது. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, ஏற்கெனவே வைத்திருந்த 100 வாட்ஸ் ரிசீவரில் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்) மாட்டினேன். சாயங்காலம் முழுக்க ஒரே கொண்டாட்டம், தவில் அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. ராத்திரி பாட்டை நிறுத்தி ஃபேனையும் அணைத்த பிறகுதான் அது கேட்டது. சோபாவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஆவி கசியுமே, அப்படி ஒரு ‘ஸ்ஸ்ஸ்’.

ட்வீட்டர், அதாவது மேல் ஸ்தாயி பாடும் குட்டி ஸ்பீக்கர், போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் என்னுடைய பழைய சின்ன ஸ்பீக்கரை அதே ரிசீவரில் மாட்டினால் மூச்சே இல்லை, காதைக் கொண்டுபோய் ஒட்டவைத்தால் மட்டும் லேசாக ஏதோ. ஆக, பழுது எங்கேயும் இல்லை. ரிசீவர் வாங்கின நாளிலிருந்தே அப்படித்தான் இரைந்துகொண்டிருந்திருக்கிறது, சின்ன ஸ்பீக்கர் அதை வெளியே சொல்லவில்லை, ஹெரசி காட்டிக்கொடுத்துவிட்டது.

கிளிப்ஷ், ஆல்டெக், பழைய ஜேபிஎல், டன்னாய் என்று இந்த வகை ஸ்பீக்கர் எது கையில் வந்தாலும் ஆம்ப் தேடுகிற வேலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எத்தனை வாட்ஸ் என்று கேட்பதைவிட, பாட்டு ஓடாதபோது அந்த ஆம்ப் எப்படி இருக்கிறது, முதல் வாட்டுக்குள் எப்படிப் பாடுகிறது என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இவை ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கதை. 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது தியேட்டர் ஆம்ப்களால் கொடுக்க முடிந்தது சில வாட்ஸ்தான், அதை வைத்து ஆயிரம் பேர் உட்காரும் கொட்டகையை நிரப்பியாக வேண்டும். அதனால் ஸ்பீக்கர் கெட்டிக்காரனாக இருக்க வேண்டியிருந்தது. ஹார்ன் என்பது அதற்கான வழி: நம் கல்யாண வீட்டுக் குழாய் கொஞ்சம் வாட்ஸிலேயே அடுத்த தெருவரை கத்துவதும் இதே வித்தைதான், தரம்தான் வேறு. சினிமா ஸ்பீக்கர் செய்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிறகு வீட்டுக்கும் செய்தார்கள். 1941இல் ஆல்டெக் லான்சிங், 1946இல் ஜேபிஎல், அதே 1946இல் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹோப் என்ற சின்ன ஊரில் பால் கிளிப்ஷ். அவருடைய கிளிப்ஷார்ன் அறையின் மூலையில்தான் வைக்க முடியும், சுவரே ஹார்னின் மிச்ச பாகம். மூலை வேண்டாத ஒரு சின்னப் பெட்டியை அவர் 1957இல் செய்தபோது, இது உங்கள் கொள்கைக்கே துரோகம் என்று யாரோ சொல்ல, அந்த வார்த்தையையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார் என்பார்கள். ஹெரசி என்றால் மதத்துரோகம்.

அப்புறம் ட்ரான்சிஸ்டர் வந்து வாட்ஸ் மலிவானது, ஸ்பீக்கர் சின்னதானது, சோம்பேறியும் ஆனது. இன்று கடையில் இருக்கும் ஆம்ப்களில் பெரும்பாலானவை அந்தச் சோம்பேறி ஸ்பீக்கருக்காகச் செய்தவை. நம் சிக்கல் அங்கேதான்.

உங்களுக்கு நிஜமாக எத்தனை வாட்ஸ் வேண்டும்

ஸ்பீக்கர் அட்டவணையில் 96 டெசிபல், 1 வாட், 1 மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். ஹெரசிக்குச் சொல்வது 96. கிளிப்ஷின் இன்னொரு பெரிய ஸ்பீக்கரான லா ஸ்காலாவுக்கும் கிளிப்ஷார்னுக்கும் 104. இன்றைய சின்ன ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் 84இலிருந்து 88க்குள் கிடக்கும். பழைய கம்பெனி எண்களில் இரண்டு மூன்று டெசிபலைக் கழித்துக்கொள்வது என் பழக்கம், அளந்த முறைகள் அப்போது அப்படி. கழித்தாலும் கதை மாறாது.

3 டெசிபல் கூடினால் பவர் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. இதை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 கூடும், மூன்று மீட்டர் தள்ளி உட்காருவதால் சாதாரண அறையில் தோராயமாக 6 குறையும். அப்படிப் பார்த்தால் ஹெரசி, இடது வலது பக்கத்துக்கு ஒவ்வொரு வாட்டில், என் சோபாவில் 93 டெசிபல் கொடுக்கும். நான் கேட்பது சராசரி 78, அதுவே எங்கள் வீட்டில் ‘கொஞ்சம் குறைங்களேன்’ என்று சொல்ல வைக்கும் அளவு. 93க்கும் 78க்கும் நடுவில் 15 டெசிபல், அதாவது ஆம்ப் கொடுத்துக்கொண்டிருப்பது 30 மில்லிவாட். மிருதங்கத்தில் திடீரென்று விழும் அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகிறது என்று வைத்தால் 98, அதற்கு 3 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். லா ஸ்காலாவாக இருந்தால் சராசரி 5 மில்லிவாட், உச்சம் அரை வாட். இதே அடிக்கு 86 டெசிபல் ஸ்பீக்கர் கேட்பது 30 வாட்ஸுக்கும் மேல்.

கணக்கை நம்பாதவர்கள் மல்டிமீட்டரால் அளந்துவிடலாம், பத்து நிமிட வேலை. நண்பரிடமிருந்து எந்த ஆம்பாவது கடன் வாங்கி மாட்டுங்கள். உங்களுக்கு இதற்குமேல் வேண்டாம் என்கிற அளவு சத்தமாகப் பாட்டு வைத்து, வால்யூமை அங்கேயே விடுங்கள், இனி அதைத் தொடக்கூடாது. இப்போது பாட்டுக்குப் பதில் 100 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை, உச்ச அளவிலிருந்து 12 டெசிபல் குறைத்துப் பதிந்ததை ஓட்டுங்கள், இந்த மாதிரி டெஸ்ட் டோன்களைக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம். ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். வந்ததை நான்கால் பெருக்குங்கள், 12 டெசிபல் என்பது நான்கு மடங்கு. அதை வர்க்கப்படுத்தி ஸ்பீக்கரின் ஓமால், பெரும்பாலும் 8ஆல், வகுத்தால் உங்களுக்கு வேண்டிய வாட்ஸ். எனக்கு மீட்டரில் வந்தது 1.1 வோல்ட். நான்கு மடங்கு 4.4, வர்க்கம் 19க்குக் கொஞ்சம் மேல், எட்டால் வகுத்தால் 2.4 வாட். நூறு வாட்ஸ் ரிசீவரை வைத்துக்கொண்டு இரண்டரை வாட்டைத் தாண்டாமல் எத்தனை வருடம்! மெதுவுக்கும் உச்சத்துக்கும் அதிக இடைவெளி இருக்கிற இசை கேட்பவர்கள், பெரிய கூடம் உள்ளவர்கள் இதை மூன்று நான்கால் பெருக்கிக்கொண்டால் போதும், பத்து வாட்ஸ் வரும்.

அந்தக் காலத்துப் பெயர்போன ஆம்ப்களும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. 1953இன் குவாட் 2 கொடுத்தது 15 வாட்ஸ். லீக் ஸ்டீரியோ 20 பக்கத்துக்கு 10. அதை வைத்துத்தான் வெள்ளைக்காரன் வீட்டில் முழு ஆர்க்கெஸ்ட்ரா கேட்டான்.

இரைச்சல்தான் உண்மையான தேர்வு

அட்டவணையில் ‘சிக்னல் டு நாய்ஸ் 100 டெசிபல்’, அதாவது பாட்டுக்கு இரைச்சல் எவ்வளவு கீழே, என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது பெரும்பாலும் முழு பவரோடு ஒப்பிட்டுச் சொல்வது. 100 வாட்ஸ் ஆம்ப் முழுசாகக் கொடுப்பது 28.3 வோல்ட், அதிலிருந்து 100 டெசிபல் கீழே என்றால் இரைச்சல் 283 மைக்ரோவோல்ட். 10 வாட்ஸ் ஆம்ப் முழுசாகக் கொடுப்பது 8.94 வோல்ட், அது 90 டெசிபல் என்று அடக்கமாகப் போட்டிருந்தாலும் இரைச்சல் அதே 283 மைக்ரோவோல்ட்தான். பார்த்தால் ஒன்று மேதாவி, இன்னொன்று சுமார். ஸ்பீக்கர் முனையில் இரண்டும் ஒன்றே.

அந்த 283 மைக்ரோவோல்ட் ஹெரசியில் ஒரு மீட்டர் தூரத்தில் 16 டெசிபலாக வரும், யாருக்கும் கேட்காது. ஒரு மில்லிவோல்ட் ஆனால் 27. அதே ஒரு மில்லிவோல்ட் லா ஸ்காலாவில் 35 ஆகிவிடும், நடுராத்திரி அறையில் நன்றாகவே கேட்கும். சாதாரண 86 டெசிபல் ஸ்பீக்கரில் அது 17தான், அதனால்தான் மற்றவர்கள் யாரும் புகார் சொல்வதில்லை. ஆக என் கணக்கு இது: 96 பக்கம் இருக்கும் ஸ்பீக்கருக்கு அரை மில்லிவோல்ட்டுக்குக் கீழே, 100ஐத் தாண்டிய ஸ்பீக்கருக்கு 200 மைக்ரோவோல்ட் பக்கம். சாதாரண மல்டிமீட்டரை வைத்து இதை அளந்து ஏமாறாதீர்கள், அது மேல் அலைவரிசை இரைச்சலைச் சரியாகக் காட்டாது. விற்பவர் வீட்டுக்கோ கடைக்கோ முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள்.

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் ‘ஸ்ஸ்’ அப்படியே இருந்தால் அது பவர் பகுதியின் இரைச்சல், உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அந்த ஆம்பை விட்டுவிடுங்கள். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் பவர் பகுதிக்கு முன்னால் இருக்கிற ப்ரீ-ஆம்பிலோ அதற்கும் முன்னால் இருக்கும் சாதனத்திலோ இருக்கிறது, வழி உண்டு. ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் வருவது 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் எர்த் சுற்று அல்லது ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் போகும் வயர். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே கொஞ்சம் கரகரப்போடு வந்தால் அது 100 ஹெர்ட்ஸ், சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன என்று சந்தேகப்படலாம். பழைய ஆம்பில் இது ரொம்ப சகஜம், மாற்றினால் போய்விடும், அதைச் சொல்லியே விலையும் குறைக்கலாம்.

இதன் கூடப்பிறந்த இன்னொரு தொல்லை கெய்ன், அதாவது வந்த சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு ஆக்குகிறது என்பது. டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் இன்றைய டேக் ஒன்று 2 வோல்ட் கொடுக்கிறது. 29 டெசிபல் கெய்ன் உள்ள ஆம்ப் அதை 28 மடங்கு ஆக்கி 56 வோல்ட் கொடுக்கப் பார்க்கும். நமக்கு வேண்டியதோ 4 வோல்ட். அதனால் வால்யூம் குமிழைக் கால்வாசிகூடத் திருப்ப முடியாது, மயிரிழை நகர்த்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும், போதாக்குறைக்கு அந்த அடிப்பகுதியில் பெரும்பாலான வால்யூம் கண்ட்ரோல்கள் இடது வலது சமமாக வேலை செய்யாது, பாடகர் ஒரு ஓரமாகப் போய் நின்றுகொள்வார். இதற்குப் புது ஆம்ப் தேவையில்லை. பவர் ஆம்பின் வாசலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகவும், அதற்கு அடுத்து எர்த்துக்கு 3.3 கிலோ ஓம் ஒன்றையும் போட்டால் 12 டெசிபல் போல இறங்கிவிடும். நான்கு ரெசிஸ்டர், டீ குடிக்கிற காசு. ஆம்புக்கு முன்னால் வருகிற இரைச்சலும் சேர்ந்து இறங்குவதுதான் இதன் பெரிய லாபம். புதிதாக வாங்குபவர்கள் கெய்ன் 20 டெசிபல் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 30க்கு மேல் இருப்பதைத் தொடாதீர்கள்.

எந்த வகை ஆம்ப்

வால்வு, அதாவது ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய், என்றதும் எல்லோருக்கும் 300பி என்ற வால்வு ஞாபகம் வரும். பக்கத்துக்கு ஒரே வால்வு எல்லா வேலையும் செய்யும் ‘சிங்கிள் எண்டட்’ வகை, 8 வாட்ஸ். 2ஏ3 என்றால் மூன்றரை. என் கணக்குப்படி இரண்டுமே ஹெரசிக்குப் போதும், லா ஸ்காலாவுக்கு அதிகம். சத்தம் குறையக் குறைய இவற்றின் டிஸ்டார்ஷனும் (பாட்டின் அலை உருமாறுவது) குறைந்துகொண்டே போவதால் அந்த 30 மில்லிவாட்டில் இவை ரொம்ப அழகாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு விஷயம். இந்த வால்வுகளில் சூடாகும் இழையே எலக்ட்ரானை விடும் கேத்தோடும், அதற்குள் ஏசி ஓட்டினால் ‘ம்ம்ம்’ நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். 86 டெசிபல் ஸ்பீக்கரில் ஆஹா என்று கேட்ட 2ஏ3 ஆம்பை ஹார்னில் மாட்டி அசிங்கப்பட்டவர்கள் உண்டு. இழைக்கு டிசி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இரண்டாவது, இவற்றின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்பின் வெளிமுனையில் அதற்குள்ளேயே இருக்கும் தடை. ஃபீட்பேக் (வெளியே போவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பித் தவறைத் திருத்துவது) இல்லாத சிங்கிள் எண்டட் ஆம்பில் அது இரண்டு மூன்று ஓம் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா இடத்திலும் 8 இல்லை, பேஸ் கோன் தானாகவே அதிகம் அதிரும் ரெசனன்ஸ் இடத்தில் 40 வரை ஏறும். 2.5 ஓம் உள்ள ஆம்ப் அந்த 40 ஓம் இடத்தில் 8 ஓம் இடத்தைவிட 1.8 டெசிபல் அதிகமாகக் கொடுத்துவிடும். அதாவது ஆம்பே ஒரு டோன் கண்ட்ரோல் ஆகிவிடுகிறது. மூடிய பெட்டியான ஹெரசியில் கீழே பேஸ் கொஞ்சம் குறைவு, அதனால் இந்த ஏற்றம் அதற்கு நன்மையாகவே விழலாம். ஏற்கெனவே தொளதொளவென்று பேஸ் வரும் பெரிய திறப்புள்ள பெட்டியில் அதே ஆம்ப் சேறு மிதித்த மாதிரி இருக்கும். ஒருவர் புகழ்ந்ததும் இன்னொருவர் திட்டியதும் ஒரே ஆம்பாக இருக்க இதுவே காரணம், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

வால்வு ஆசை இருந்து கையில் பணம் அளவாக இருந்தால் நான் சொல்வது ஈஎல்84 என்ற வால்வு போட்ட புஷ்-புல். பக்கத்துக்கு இரண்டு சின்ன வால்வு வேலையைப் பங்குபோடும், 10இலிருந்து 15 வாட்ஸ், ஃபீட்பேக் இருப்பதால் அவுட்புட் இம்பிடன்ஸும் ‘ம்ம்ம்’ என்ற ஹம்மும் குறைவு, மாற்று வால்வு விலையில் குடும்பத்தில் சண்டை வராது. ஈஎல்34, கேடி88 போட்டு 40, 50 வாட்ஸ் செய்வதெல்லாம் இந்த ஸ்பீக்கருக்கு லாரி வைத்துக் கீரைக்கட்டு ஏற்றுவது.

வால்வு வேண்டாம் என்பவர்களுக்கு என் முதல் ஓட்டு சின்ன கிளாஸ் ஏ, அதாவது ட்ரான்சிஸ்டர் ஒருபோதும் ஓய்வெடுக்காத வகை. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் எழுதிய 10 வாட்ஸ் சர்க்யூட்டை இன்னமும் ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு நான்கே ட்ரான்சிஸ்டர், அதில் நம் மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் தெரிந்த 2என்3055 போட்டும் ஓட்டுகிறார்கள். 8 ஓமுக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பக்கத்துக்கு 32 வாட்ஸ் சூடாகப் போய்க்கொண்டே இருக்கும். ஹீட் சிங்க்கில் தாராளமாக இருங்கள். மே மாதம் மத்தியானம் மூடிய அறையில் இதை ஓட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

கிளாஸ் ஏபி, அதாவது கடையில் இருக்கும் சாதாரண ஆம்ப், வேண்டவே வேண்டாமா என்றால் அப்படி இல்லை. அதில் இரண்டு பக்க ட்ரான்சிஸ்டரும் கைமாறுகிற இடத்தில் ஒரு சின்னத் தடங்கல் இருக்கும், க்ராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்பார்கள். 20 வாட்டில் கேட்கும்போது அந்தத் தடங்கல் மொத்தத்தில் கரைந்துவிடும். நாம் கேட்பது 30 மில்லிவாட், நம் பாட்டு முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயேதான் ஓடுகிறது. பயஸ், அதாவது பாட்டில்லாதபோதும் ட்ரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம், சரியாக வைத்த நல்ல ஏபி ஆம்பில் இது கேட்காது, பயஸ் இறங்கிப்போன பழைய ஆம்பில் மெதுவான பாட்டில் குரல் மேல் ஒரு மணல் தூவின மாதிரி இருக்கும். டிஸ்டார்ஷன் வரைபடம் கிடைத்தால் வலது ஓரத்தைப் பார்க்காதீர்கள், பத்திலொரு வாட்டில் என்ன எண் என்று பாருங்கள். எல்எம்1875 மாதிரி 20 வாட்ஸ் சிப்பை நல்ல சப்ளையோடு கட்டிக்கொடுத்தால், விலையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் கேட்ட பிறகு சிரிப்பதில்லை.

மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் கிளாஸ் டி ஆம்ப் பலகைகள் இப்போது எங்கு பார்த்தாலும். டிபிஏ3116 சிப்பில் கெய்னை 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கு படியில் வைக்கலாம், பலகையில் இருக்கும் இரண்டு குட்டி ரெசிஸ்டர்கள் அதைத் தீர்மானிக்கின்றன. விற்பவர்கள் ‘சத்தமாக இருக்கிறது’ என்று பெயர் வாங்க மேலே வைத்துவிடுவார்கள். 20க்கு இறக்கத் தெரிந்த கை இருந்தால் ஹார்னுக்கும் ஒத்துவரும், ஆனால் கூட வரும் மலிவு அடாப்டரை முதலில் மாற்றுங்கள், பாதி இரைச்சல் அதனுடையது.

ஓம், வோல்ட், மற்றும் ஒரு வருத்தம்

பழைய டன்னாய் மானிட்டர் ரெட், சில்வர் எல்லாம் 15 ஓம், 1967இல் வந்த கோல்ட் 8 ஓம். ஆல்டெக்கிலும் 16 ஓம் நிறைய உண்டு. வால்வு ஆம்பில் 16 ஓம் முனை இருந்தால் அதில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் 8இல் மாட்டினாலும் ஓடும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் 16 ஓமில் பாதி பவர்தான் கொடுக்கும், நம் தேவைக்கு அதுவே மிச்சம்.

வெளிநாட்டு ஆம்பை வாங்குபவர்கள் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானுக்கு மட்டும் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுடையது 120, நமக்கு 230, அதுவும் பல ஊர்களில் ராத்திரி 245ஐத் தொடும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஆம்ப் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள், ஆம்பிலிருந்து ஒரு கை தள்ளியே வையுங்கள், அதன் காந்தப்புலமும் ஹம்மாக வந்து சேரும். 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருக்கும் அமெரிக்க ஆம்ப் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும், 120ஐவிட 110 பக்கம் கொடுப்பது நல்லது.

வருத்தம் என்னுடையது. ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் ஆம்பை சும்மா பார்க்கலாம் என்று வாங்கிவந்த அன்றைக்கே ஹெரசியில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ‘டொம்’ என்று ஒரு அடி, பேஸ் பாடும் ஊஃபர் முன்னால் துள்ளி அங்கேயே நின்றது, ஒரு வினாடியில் பிடுங்கிவிட்டேன். தப்பித்தது ஸ்பீக்கரின் அதிர்ஷ்டம். இப்போது எந்த ஆம்ப் வந்தாலும் அதே வரிசைதான். முதலில் 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டு ஆன் செய்வேன். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். கிளாஸ் ஏயும் வால்வு ஆம்பும் இதற்கு விதிவிலக்கு, அவை எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பதால் பல்ப் எரியத்தான் செய்யும். அடுத்து ஸ்பீக்கர் முனையில் டிசி மில்லிவோல்ட் பார்ப்பேன், 50க்குள் இருந்தால் நிம்மதி, 100ஐத் தாண்டினால் ஆம்ப் மெக்கானிக்கிடம் போகும். வால்வு ஆம்ப் என்றால் முனையைக் காலியாக விடாமல் 8 ஓம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிவிட்டுத்தான் ஆன் செய்வது, காலியாக ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும், ஆம்பிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான். இதெல்லாம் தேறிய பிறகு, செத்தாலும் அழாத ஒரு உதவாக்கரை ஸ்பீக்கரில் ஒரு நாள் முழுக்கப் பாட விடுவேன், நான்கைந்து தடவை ஆன் செய்து அணைத்து ‘டொம்’ வருகிறதா என்று பார்ப்பேன்.

ஹெரசியை மாட்டுவது மறுநாள் ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு. பாட்டுப் போடுவதற்கு முன்னால் ஃபேனை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் சோபாவில் உட்கார்ந்திருப்பேன்.